அப்பாவை அணியில் சேர்த்த கதை

எங்கள் அணியில் ஒருவரைப் புதிதாகச் சேர்ப்பதற்கு மூன்று விதிகள் இருந்தன. மூன்றையும் எழுதியவள் நான். புதிதாக வருகிறவர் முதல் இரண்டு வாரம் கோதுமை வயலைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு வாரமும் இயந்திரக் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. தன் கவனக்குறைவால் தளத்தை உடைத்தவருக்கு அணியில் இடமில்லை, விளக்கம் கேட்பதும் இல்லை. மூன்றாவது விதி கொச்சியிலிருந்து விளையாடிய ஒரு கல்லூரி மாணவனால் வந்தது. அவன் எரிமலைக் குழம்பைக் கிடங்குக்குள் வழியவிட்டுவிட்டான். அடுத்த அரைமணிக்குள் அவனை நீக்கினேன். மன்னிப்புக் கேட்டு ஏழெட்டுச் செய்தி அனுப்பினான், நான் பதில் போடவில்லை. தலைவி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். எனக்கும் தலைக்கனம் ஏறிக்கொண்டது.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சதுரச் சதுரமான கற்களை வெட்டி அடுக்கி வீடு, வயல், சுரங்கம் என்று இஷ்டத்துக்கு ஓர் உலகத்தைக் கட்டிக்கொள்ளும் கணினி விளையாட்டு அது. வெறும் விளையாட்டில் கோடரியும் மண்வெட்டியும்தான் இருக்கும். அதன் மேல் யார் யாரோ எழுதி வெளியிடும் மோட்களை ஏற்றிக்கொண்டால் பாய்லர் வரும், கன்வேயர் பெல்ட் வரும், மின்கம்பி வரும், கடைசியில் அணு உலையே வரும். நாங்கள் சேர்ந்து விளையாடும் எங்கள் சர்வரில் நூற்றெண்பது மோட்கள். நாங்கள் ஆறு பேர். நாங்கள் கட்டியதெல்லாம் சேர்ந்த தளம் இருக்கும் நிலம் முழுக்க அணியின் பேரில் பதிவாகியிருக்கும். அணியில் இல்லாதவர் கதவைத் தொட்டால் திறக்காது, ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க முடியாது. தலைவர் அழைப்பு அனுப்பி, வருகிறவர் அதை ஏற்றுக்கொண்டால்தான் அவர் எங்கள் ஆள்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. மராத்தி பேசும் ஊரான தாபோடியில் அப்பா அம்மாவோடு இருக்கிறேன். மென்பொருள் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வாடிக்கையாளர் புகார்களைக் கேட்கும் வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரைக்கும் முகம் தெரியாதவர்கள் என்னைத் திட்டுவார்கள், நான் மன்னிப்புக் கேட்பேன். அதற்குப் பிறகு மனிதர்களோடு பேசுவது என்றால் இந்த அணியோடுதான். கோத்ரூடிலிருந்து ஒருவன், நாக்பூரிலிருந்து ஒருத்தி, மற்ற மூவரும் வெவ்வேறு ஊர். யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் எனக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டாயா என்று கேட்பவர்கள் இவர்கள்தான். எனக்கு வேறு நண்பர்கள் இல்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

அப்பா ஆகுர்டியில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் முப்பத்தோரு வருடம் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தார். போன வருடம் மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்தார். வேலையை விட்டுவிட்டேன், இத்தனை வருஷம் உழைத்தது போதும் என்றார். நாங்கள் நம்பினோம். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதன் பிறகு அவர் வீட்டில் இருந்த விதம்தான் பயமாக இருந்தது. டீவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்ப்பார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மிக்ஸியைப் பிரித்து, துடைத்து, மறுபடி மாட்டுவார். தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷினைப் பிரித்தார், அது மூன்று நாள் ஒழுகி, கீழ்வீட்டுக்காரர் வந்து மராத்தியில் கிழி கிழி என்று கிழித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எதையும் தொடவில்லை. அம்மா கட்கியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறாள். மாலையில் வந்து செருப்பைக் கழற்றும்போதே என்னிடம் ஜாடையில் கேட்பாள், ஏதாவது பேசினாரா என்று. நான் இல்லை என்று தலையாட்டுவேன். ஆள் வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் இருக்கிற மாதிரியே இல்லை என்று சொல்லி ஒரு நாள் சமையலறையில் அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒரு மாலை நான் விளையாடிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார். தாதுக்கல்லை அரவைக்குக் கொண்டுபோகும் பெல்ட் இரண்டு நாளாக அடைத்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு மண்டை காய்ந்துபோயிருந்தது.

“அந்த மூணாவது பெல்ட்டு ஏன்மா உல்டா ஓடுது?” என்றார்.

பார்த்தேன். மூன்றாவது பெல்ட் உண்மையிலேயே திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. திருப்பிப் போட்டதும் அடைப்பு விட்டது. ஹெட்போனில் கோத்ரூட்காரன் கத்திக் கொண்டாடினான். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்த மோட்டாருக்கு எந்த பெல்ட் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பத்து மாதத்தில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அந்த வாரமே அவரை அணியில் சேர்த்துவிடுவது என்று முடிவுசெய்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான், ஆனால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

என்னுடைய பழைய லேப்டாப்பில் விளையாட்டை ஏற்றினேன். நூற்றெண்பது மோட்களில் ஒன்று பழைய பதிப்பாக இருந்தாலும் சர்வர் உள்ளே விடாது. எது அந்த ஒன்று என்றும் சொல்லாது. இரண்டு நாள் அதிலேயே போனது. மூன்றாம் நாள் அப்பாவின் உருவம் அந்த உலகத்தின் புல்வெளியில் வந்து நின்றது. அழைப்பு அனுப்பினேன். அது திரையின் கீழ்மூலையில் ஒரு வரியாக வரும், சிறிது நேரத்தில் மறைந்துவிடும், அதற்குள் அதைச் சொடுக்க வேண்டும். அப்பா ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மறைந்துவிட்டது. மறுபடி அனுப்பினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடினார். மூன்றாவது முறை வந்தபோது, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டார். நான்காவது முறை நானே அவர் கையைப் பிடித்து மவுஸை அழுத்த வைத்தேன். அணியில் சேர்ந்துவிட்டார் என்று எல்லாருடைய திரையிலும் வந்தது. மராத்தியில் சித்தப்பா என்று பொருள்படும் காகா, காகா என்று ஐந்து பேரும் வரவேற்றார்கள். அப்பா ஹெட்போனைக் கழற்றி அதைப் பார்த்தே கும்பிடு போட்டார்.

முதல் நாள் விளையாட்டில் பட்டினியில் செத்துப்போனார், செத்தவர் மறுபடி அந்தப் புல்வெளியில் எழுந்து வருவார். புதியவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் பெட்டியில் ரொட்டி இருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால், பசிக்கவில்லையே என்கிறார். இரண்டாம் நாள் சுரங்கத்தில் வழி தெரியாமல் ஒரு மணி நேரம் நின்றார். கோதுமை வயலில் நான்கு நாள் இருந்தார், ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஆனால் வயலின் ஓரத்துக்குப் போய் இயந்திரக் கூடத்தின் கண்ணாடிச் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஐந்தாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. நான் எழுதிய இரண்டாவது விதியை நானே ஓரங்கட்டிவிட்டு அவரை உள்ளே விட்டேன். மற்றவர்களும் ஒன்றும் சொல்லவில்லை, காகாதானே என்றார்கள்.

அந்த ஒன்றரை மாதம் எங்கள் வீடே மாறிப்போனது. மாலை ஐந்தரைக்கு அப்பா முகம் மழித்துக்கொள்வார். லுங்கியை மாற்றி பாண்ட் சட்டை போட்டுக்கொள்வார். டீயைக் குடித்துவிட்டுச் சரியாக ஆறு மணிக்கு வீட்டுக் கூடத்து மேசை முன்னால் உட்கார்வார். என் மேசை உள்ளறையில். அம்மா சிரித்துக்கொண்டே, உங்க அப்பா செகண்ட் ஷிஃப்ட் போயிட்டார் என்று எதிர்வீட்டு அம்மாளிடம் சொல்வாள். அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. நான்காம் நம்பர் மோட்டார் சூடு, ஏழாம் பெல்ட் மெதுவாக ஓடுகிறது என்று எழுதி வைத்து, எட்டு மணிக்கு என்னிடம் ஒப்படைப்பார். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பலகை நட்டு நம்பர் போட்டார். கோத்ரூட்காரன் தினமும் வந்தவுடன் காகாவின் பலகைகளைத்தான் முதலில் படிப்பான். இரவுச் சாப்பாட்டில் அப்பா அம்மாவிடம் நாக்பூர்ப் பெண்ணைப் பற்றிச் சொல்வார், நல்ல பொண்ணு, ஆனா ஒயரிங் தெரியாது என்று.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. ஒரு வாடிக்கையாளரின் புகார் இழுத்துக்கொண்டே போனதால் ஆறரை மணிக்கும் நான் ஆபீஸ் அழைப்பில் மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும் இயந்திரக் கூடத்தில் இருந்தார். நாக்பூர்ப் பெண்ணும் கோத்ரூட்காரனும் தொலைவில் மலையில் இருந்தார்கள். ஏழாம் பெல்ட் நின்றுபோனது. அதைச் சரிசெய்ய அப்பா சுரங்கத்துக்குள் இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன்னால் அவர் முப்பத்தோரு வருடமாகச் செய்ததையே செய்தார். ஃபிட்டர் எந்த மிஷினில் கை வைப்பதற்கு முன்னாலும் மெயினை அணைக்க வேண்டும். அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து அவனே வந்து திறக்கும்வரை முதலாளியே வந்தாலும் ஓட்ட முடியாது. அப்படித்தான் கை கால்கள் தப்பிக்கின்றன. அப்பா மெயின் விசையை அணைத்தார். விளையாட்டில் பூட்டு கிடையாது. அதனால் விசையின் பிடியையே கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு சுரங்கத்துக்குள் போய்விட்டார்.

எங்கள் அணு உலையைக் குளிரவைக்கும் பம்பும் அதே மெயினில்தான் இருந்தது. மெயினை அணைத்தால் மற்றதெல்லாம் நிற்கும், உலை மட்டும் நிற்காது. பம்பு நின்றதும் அது சூடாகத் தொடங்கியது. எச்சரிக்கை எல்லார் திரையிலும் ஒரு வரியாக வந்து மறைந்தது, அப்பா அதைக் கவனிக்கவில்லை. மலையிலிருந்த இருவரும் அப்பாவைக் கூவிக் கூவி அழைத்திருக்கிறார்கள். அவர் நுணுக்கமான வேலை செய்யும்போது காதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார், ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. நாக்பூர்ப் பெண் ஓடி வந்து பார்த்தால் விசையில் பிடியே இல்லை. அவளிடமும் வேறு பிடி இல்லை. நான் அழைப்பை முடித்துவிட்டுத் திரையைத் திறந்தபோது இயந்திரக் கூடம் இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. கிடங்கு இல்லை, அரவை இல்லை. கதிர்வீச்சு பரவி யாரும் கிட்டே போக முடியவில்லை. எட்டு மாத வேலை போயிற்று.

வீட்டுக் கூடத்துக்கு ஓடினேன். அப்பா பெல்ட்டைச் சரிசெய்த கையோடு வெற்றியாகத் திரும்பி வந்து, தன் உருவம் ஏன் செத்துப்போனது என்று புரியாமல் உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன். மூளை இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன்.  அவர் திரையைப் பார்த்தபடியே, பம்பை ஏன் தனி லைனில் போடவில்லை என்று கேட்டார். மெயினை அணைத்தால் ஆபத்து வருகிற மாதிரி எந்த மடையனும் ஒயரிங் பண்ணமாட்டான் என்றார். அந்த ஒயரிங்கைப் பண்ணியவள் நான். அதை அவரிடமும் சொல்லவில்லை, அணியிடமும் சொல்லவில்லை.

அணி அன்றே கூடிப் பேசியது. யாரும் சத்தம் போடவில்லை, அதுதான் கொடுமை. மூன்றாவது விதி இருக்கிறதே என்று கோத்ரூட்காரன் மெதுவாக ஆரம்பித்தான். கொச்சிப் பையனுக்கு ஒரு நியாயம், உன் அப்பாவுக்கு ஒரு நியாயமா என்று நாக்பூர்ப் பெண் கேட்டாள். காகா இருந்தால் இனிமேல் தன்னால் நிம்மதியாக விளையாட முடியாது, ஒவ்வொரு நிமிடமும் எது அணையுமோ என்றிருக்கும், போய்விடுகிறேன் என்றாள். மற்ற மூவரும் அவள் பக்கம்.  விதியை எழுதியவள் வாயைத் திறந்தால் எதைச் சொல்வது? ஒயரிங் என் தப்பு என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அதே விதிப்படி நானல்லவா போக வேண்டும்.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. சர்வரின் பழைய நகல் ஒன்று என்னிடம் இருந்தது. வாராவாரம் நகல் எடுத்துவைப்பது என் பொறுப்பு, நான்தான் இரண்டு மாதமாக எடுக்காமல் விட்டிருந்தேன். இருந்த ஒரே நகல் அப்பா சேர்வதற்கு முன்னால் எடுத்தது. அதை ஏற்றினால் தளம் அப்படியே திரும்பி வந்துவிடும். அப்பாவின் பலகைகள் இருக்காது. அணியில் அவர் பேரும் இருக்காது. கோத்ரூட்காரன் பெருமூச்சு விட்டான். அப்படியானால் யாரும் காகாவை நீக்க வேண்டியதே இல்லை, மறுபடி அழைக்காமல் விட்டால் போதும் என்றான். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நானும் ஒத்துக்கொண்டு அன்றிரவே அந்த நகலை ஏற்றினேன். நீக்குவதைவிட இது மரியாதையானது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்பாவிடம் அன்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. சர்வரில் பழுது, இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவைத்தேன். அவர் அந்த இரண்டு நாளும் நோட்டில் புது ஒயரிங் வரைந்தார், பம்புக்குத் தனி லைன், அதற்குத் தனி விசை. அம்மா பார்த்துவிட்டு என்னிடம் நல்லா வரைஞ்சிருக்கார் இல்ல என்றாள். நான் ஆபீஸ் அழைப்பு வந்துவிட்டது போல நடித்து உள்ளே போனேன்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அவர் என்னைக் கேட்காமலே லேப்டாப்பைத் திறந்தார். சர்வர் உள்ளே விட்டது. அந்த உலகத்துக்கு அவர் முதல்முறையாக வந்த அதே புல்வெளியில் வெறுங்கையோடு நின்றார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் அறை வாசலில் நின்றேன். ஆற்றைக் கடந்து, மலையைச் சுற்றி, தடுமாறாமல் நேராகத் தளத்துக்கு நடந்தார். வழி இப்போது மனப்பாடமாகியிருந்தது. இயந்திரக் கூடம் முழுசாக நிற்பதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவைச் சொடுக்கினார். திறக்கவில்லை. இந்த இடம் வேறோர் அணிக்குச் சொந்தம் என்று சிவப்பில் ஒரு வரி வந்து மறைந்தது. மறுபடி சொடுக்கினார். கண்ணாடிச் சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கக் கதவுக்குப் போனார். அதுவும் திறக்கவில்லை. உள்ளே பார்த்தார். எந்த மிஷினிலும் பலகை இல்லை. மறுபடி முன்கதவுக்கு வந்து நின்றார்.

“இன்விட்டு இன்னும் வரலியா?” என்றார், திரும்பாமலே.

“சர்வர்ல இன்னும் ப்ராப்ளம் இருக்குப்பா. சரியாயிரும்.”

அவர் கை மவுஸின் மேலேயே இருந்தது. 

“கம்பெனிலயும் இப்டித்தான் சொன்னாங்க. கார்டு வெச்சா கேட்டு தொறக்கல. செக்யூரிட்டி, மிஷின் கராப், ரிப்பேர்னு சொன்னான். நானும் ரெண்டு நாளு டிபனத் தூக்கிகினு போயி கேட்டுக்கு வெளியவே நின்னேன். உள்ள இருக்கற ஆளுங்க எல்லாம் என்னப் பாத்துட்டு, வேற பக்கமாப் போனாங்க. மூணாவது நாளு டீக்கடக்காரன் சொன்னான், உங்க பேர எடுத்துட்டாங்க அண்ணான்னு.”

அவர் வேலையை விட்டுவிட்டு வந்ததாகத்தானே நாங்கள் நினைத்திருந்தோம். அம்மா சமையலறையில் குழாயை மூடியது கேட்டது. அவளும் இப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறாள்.

“யாருனா ஒருத்தன் நேராச் சொல்லியிருந்தா அன்னிக்கே வூட்டுக்கு வந்துருப்பேன்” என்றார்.

 வெட்கத்தில் அவருக்கு முன்னால் போய் நிற்கக்கூட எனக்குத் தைரியமில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். “சர்வர் நல்லாத்தான்ப்பா இருக்கு. நான்தான் உன்னக் கூப்பிடல. எல்லாரும் வேணான்னாங்க, நானும் சரின்னுட்டேன். அந்த ஒயரிங்கும் நான் பண்ணதுதான்.”

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

“சரி. நீயாச்சும் சொன்னியே” என்றார்.

நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்து என்னிடம் கொடுத்தார், பசங்களிடம் காட்டு, இதை முதலில் பண்ணச் சொல் என்றார். உள்ளறையில் என் ஹெட்போனிலிருந்து கோத்ரூட்காரன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், எல்லாரும் வந்தாகிவிட்டது, உலையை ஓட்டலாமா என்று. நான் போய் உட்கார்ந்தேன். என் திரையில் நான் இயந்திரக் கூடத்தின் உள்ளே இருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் உருவம் நின்றது. ஒரே ஒரு வரி தட்டினால் அழைப்பு போய்விடும். அப்போதும் நான் அனுப்பவில்லை.